சட்டைப்பையில் ஒரு சாட்சி

ஜெர்மனியின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த அரசியலாளர் மால்ட்டே ஸ்பிட்ஸ், தம் கைப்பேசியைப் பற்றித் தொலைபேசி நிறுவனம் சேர்த்து வைத்திருந்த விவரங்களைத் தமக்கே தருமாறு கேட்டார். நிறுவனம் இணங்கவில்லை, அவர் வழக்குத் தொடுத்தார். இறுதியில் ஓர் உறைக்குள் இடப்பட்ட குறுவட்டு அவர் கைக்கு வந்தது. 2009 ஆகஸ்டு முதல் 2010 பிப்ரவரி வரையிலான ஆறு மாதங்களுக்கு அதில் 35,830 பதிவுகள் இருந்தன. அவர் என்ன பேசினார் என்பது அவற்றில் இல்லை. மறுமுனையில் இருந்தோரின் எண்களும் நீக்கப்பட்டிருந்தன. ஆயினும் அவர் எந்த நாளில் தொடர்வண்டியில் சென்றார், எந்த நகரில் இரவு தங்கினார், எத்தனை முறை அழைத்தார், எப்போது ஓய்ந்திருந்தார் என்பவை அனைத்தும் அப்பதிவுகளிலிருந்து விளங்கின. 2011இல் ஜெர்மானிய இதழொன்றின் இணையப்பதிப்பு அவற்றை அவரே இணையத்தில் வெளிப்படையாக எழுதியவற்றோடு இணைத்து, நிலப்படத்தில் நகரும் ஒரு புள்ளியாக வெளியிட்டது. ஒரு மனிதரின் ஆறு மாத வாழ்க்கையை எவரும் தம் மேசையிலிருந்தே பார்த்துவிட முடிந்தது.

அவரை ஒற்றர் எவரும் பின்தொடரவில்லை. அவர் அறையில் கருவி எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை. சட்டைப்பையில் இருந்த பேசி தன் வழக்கமான வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

கோபுரம் அறிந்தவை

ஒருவருக்கு அழைப்பு வரும்போது அவருடைய கைப்பேசி எப்பகுதியில் இருக்கிறது என்பதை வலையமைப்பு முன்னரே அறிந்திருக்க வேண்டும். ஆகவே, பேசாதிருக்கும் வேளையிலும் கைப்பேசி அருகிலுள்ள கோபுரங்களோடு அவ்வப்போது தொடர்பு கொண்டு தன் இருப்பை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. நெரிசலான நகரத் தெருக்களில் கோபுரங்கள் நெருங்கி நிற்பதால் அந்த இருப்பிடம் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். வயல்வெளிகளில் ஒரே கோபுரம் பல கிலோமீட்டர் பரப்பைத் தாங்குவதால் அத்துணைத் துல்லியம் இராது. திறன்பேசியோ செயற்கைக்கோள்களின் துணையால் தன் இடத்தைச் சில மீட்டர் அளவுக்குக் கணித்துவிடுகிறது. இவையன்றி, ஒவ்வொரு கருவிக்கும் 15 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. *#06# என அழுத்தினால் அது திரையில் தோன்றும். சிம் அட்டையை மாற்றினாலும் அந்த எண் மாறுவதில்லை. திருடுபோன கைப்பேசியைக் காவல்துறை தேடிக் கண்டுபிடிப்பதும் இவ்வெண்ணைக் கொண்டே. காணாமற்போன குழந்தையைத் தேடுவோருக்குக் கோபுரப் பதிவு கைகொடுப்பதும் உண்டு. கருவியின் இயல்பு ஒன்றே. அதனைப் பயன்படுத்தும் கைகளே வேறு.

பெயரை நீக்கிவிட்டால் இப்பதிவுகளால் தீங்கில்லை என்று நிறுவனங்கள் கூறுவதுண்டு. 2013இல் வெளிவந்த ஆய்வொன்று இக்கூற்றைத் தகர்த்தது. 15 இலட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசிப் பதிவுகளைப் பெயரின்றி ஆராய்ந்த அறிஞர்கள், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் கிடைத்தால் அவர்களுள் 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்தறியலாம் எனக் கண்டனர். இதில் வியப்பில்லை. இரவில் ஒரு வீடு, பகலில் ஒரு பள்ளி, மாலையில் ஒரு பயிற்சி நிலையம், ஞாயிறுதோறும் ஒரு விளையாட்டுத் திடல். இந்நான்கும் ஒருங்கே பொருந்துவோர் ஓர் ஊரில் எத்தனை பேர் இருக்க முடியும்?

கோபுரத்தை விலக்குதல் இயலாது. செயலிகளின் நிலை வேறு. அமெரிக்காவில் பல கோடிப் பேர் பயன்படுத்திய கைவிளக்குச் செயலி ஒன்று, பயன்படுத்துவோரின் இருப்பிடத்தையும் கருவியின் அடையாளத்தையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பி வந்ததை அந்நாட்டின் வணிக ஆணையம் 2013இல் வெளிப்படுத்தியது. ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்னும் இரண்டு பொத்தான்கள் அதில் இருந்தன. ஆனால், அவற்றுள் ஒன்றை அழுத்தும் முன்னரே தகவல் சென்றுகொண்டிருந்தது. வெளிச்சம் தருவதற்கு இருப்பிடம் எதற்கு என்ற எளிய வினாவை எழுப்பியிருந்தால் பலர் அதனைத் தவிர்த்திருப்பர். கைப்பேசியின் அமைப்புகள் பகுதியில் எந்தச் செயலிக்கு ஒலிவாங்கி, படக்கருவி, தொடர்புப் பட்டியல், இருப்பிடம் ஆகியவற்றுக்கான அனுமதி தரப்பட்டுள்ளது எனக் காணலாம். தேவையற்றதை நீக்கவும் செய்யலாம். பழுதுபார்க்கும் கடைக்குக் கைப்பேசியைக் கொடுக்கும்போது திரைப்பூட்டின் எண்ணையும் சீட்டில் எழுதித் தரும் வழக்கம், கூரிய மென்பொருள் எதுவும் இன்றியே அந்தரங்கத்தை இழக்கும் வழியாகும்.

மறைக்க ஒன்றுமில்லை என்போர்

“தவறு செய்யாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?” என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. அந்தரங்கம் என்பது குற்றத்தை மறைக்கும் திரை என்ற எண்ணமே அதன் அடிப்படை. மருத்துவரிடம் சொல்லும் நோயும், தோழியிடம் பகிரும் துயரமும் குற்றங்கள் அல்ல. எனினும் அவற்றை ஊரறிய உரைக்க எவரும் விரும்புவதில்லை. தமிழ்மரபு இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தது. அகத்திணையில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது எனத் தொல்காப்பியம் விதித்தது. போரும் கொடையும் பேசும் புறப்பாடல்களிலோ மன்னரின் பெயரும் ஊரும் வெளிப்படையாகவே வருகின்றன. ஆள்வோர் செயல் பலர் அறியத்தக்கது, தனிமனிதரின் நெஞ்சம் அவ்வாறன்று என இன்று சட்டம் பேசும் வேறுபாட்டிற்கு இப்பகுப்பு வியக்கத்தக்க அளவில் நெருங்கி நிற்கிறது.

கண்காணிப்பு எப்போதும் அரசிடமிருந்தோ நிறுவனத்திடமிருந்தோ வருவதுமில்லை. மனைவியின் கைப்பேசியில் அவரறியாமல் உளவுச் செயலியை நிறுவும் கணவர், தங்கையின் உரையாடல்களை நாள்தோறும் புரட்டும் அண்ணன் ஆகியோரும் இதனைச் செய்கின்றனர். இவர்கள் தம் செயலுக்கு அக்கறை எனப் பெயரிடுகின்றனர். ஆயினும், படிக்கப்படுகிறோம் என அறிந்த பெண் தன் இன்னலை எவரிடமும் எழுதிச் சொல்ல முடியாமற்போகிறது. உதவி தேடும் வழியே அடைபட்டுவிடுகிறது.

நீதிமன்றம் கடந்து வந்த தொலைவு

இந்திய அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்ற சொல் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் போதிய சான்றின்றி விடுவிக்கப்பட்ட கரக் சிங் என்பவரைக் காவல்துறை தொடர்ந்து கண்காணித்தது. நள்ளிரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. 1962இல் உச்ச நீதிமன்றம் இரவில் வீடு புகுவதை மட்டும் செல்லாது என்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று எனக் கூறி மற்றக் கண்காணிப்பை ஏற்றது. நீதிபதி சுப்பா ராவ், நீதிபதி ஷா ஆகியோர் இதனின்றும் மாறுபட்டனர். அந்தரங்கமின்றித் தன்னுரிமை இல்லை என்பது சுப்பா ராவின் கருத்து. அன்று அது சிறுபான்மைத் தீர்ப்பு.

1994ஆம் ஆண்டின் வழக்கு தமிழ்நாட்டிலிருந்து சென்றது. மரணதண்டனைக் கைதி ஒருவரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுக்க முற்பட்டனர். குடும்பம், திருமணம் முதலிய சொந்தச் செய்திகளை ஒருவரின் இசைவின்றி வெளியிடலாகாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கும் அதிகாரிகளின் அலுவல் சார்ந்த நடத்தைக்கும் அத்திரை பொருந்தாது என்றும் வரையறுத்தது. 1996 டிசம்பரில் தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில், உள்துறைச் செயலரின் ஆணை வேண்டும்; அது இரண்டு மாதத்திற்கே செல்லும்; நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டலாகாது; ஆய்வுக்குழு ஒன்று அதனைச் சரிபார்க்க வேண்டும் என நெறிகள் வகுக்கப்பட்டன. ஓர் ஒற்றர் தந்த செய்தியை மற்றோர் ஒற்றரால் ஒப்பிட்டு அறியச் சொல்லும் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தை அறிந்தவர்க்கு, சரிபார்த்தல் என்னும் கருத்து புதியதன்று. குறளோ அரசன் ஏமாறாதிருக்கச் சொன்னது. ஆய்வுக்குழுவோ குடிமகன் நலிவுறாதிருக்க அமைந்தது.

2017 ஆகஸ்டு 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். சுப்பா ராவின் மாறுபாடு 55 ஆண்டுகள் கழித்து நாட்டின் சட்டமாயிற்று. அந்தரங்கத்தில் குறுக்கிடும் அரசு, அதற்கொரு சட்டத்தையும் நேரிய நோக்கத்தையும் காட்ட வேண்டும். குறுக்கீடும் தேவைக்கு மிகாமல் இருக்க வேண்டும். 2011இல் ஒரு நிறுவனத் தலைவரின் கைப்பேசியை ஒட்டுக்கேட்க இடப்பட்ட ஒன்றிய அரசின் ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் நீக்கியது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ அங்கு இல்லை. கேட்கப்பட்ட உரையாடல்கள் ஆய்வுக்குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை. உரிமை உறுதிப்பட்டது, ஆயினும் உரையாடல்கள் கேட்கப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒலியைக் கேட்ட செவியிலிருந்து அதனைத் திரும்பப் பெறும் ஆற்றல் எந்தத் தீர்ப்புக்கும் இல்லை.

நிறுவனங்கள் திரட்டும் தகவல்களுக்கென மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. இசைவு பெறுதல், பிழை திருத்தல், அழிக்கக் கோருதல் ஆகியவற்றுக்கு இச்சட்டம் வழிசெய்கிறது. மீறுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடமுண்டு. அரசு அமைப்புகளுக்கு அளிக்கப்பட்ட பரந்த விலக்குகள் குறைகூறப்படுகின்றன, அக்குறைகூறல் நியாயமானதே. விதிகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. இச்சட்டத்தின் பார்வையில் 18 வயது நிறையாதவர் குழந்தை. சில விலக்குகள் நீங்கலாக, குழந்தையின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும் குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை உண்டு. தகவல் திரட்டப் பெற்றோரின் இசைவும் வேண்டும். மேல்நிலை வகுப்பு மாணவருள் பெரும்பாலோர் இவ்வயதுக்கு உட்பட்டவரே. ஆனால், செயலி கேட்கும் பிறந்த ஆண்டில் இரண்டு மூன்று ஆண்டுகளைக் குறைத்துச் சொல்லிக் கணக்குத் தொடங்கும் மாணவரை அந்நிறுவனத்தின் ஏடுகள் வயதுவந்தவராகவே காட்டும்.