இலை மஞ்சளாகும் வரை பொறுங்கள்

லண்டனில் வாழும் என் அக்கா, டஃபோடில் பூத்து முடிந்ததுமே இலைகளை வெட்டி, கிழங்குகளைத் தோண்டி, வேலியோரம் மாற்றி நட்டார். மறு வசந்தத்தில் ஒரு பூகூட இல்லை. தவறு எங்கே?

பூத்து ஓய்ந்த கிழங்கில் சத்து குறைந்திருக்கும். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை இலைகள்தான் தயாரித்துக் கிழங்கில் சேமிக்கின்றன. எனவே, வாடிய பூவை மட்டும் கிள்ளிவிட்டு, குறைந்தது 6 வாரம் இலைகளை விட்டுவையுங்கள்.

இலை மஞ்சளாகிச் சாய்ந்தபின், ஏறக்குறைய ஜூன் மாதத்தில், சற்றுத் தள்ளித் தோண்டிக் கிழங்கை எடுங்கள். அழுகியவற்றை அகற்றி, மற்றவற்றை நிழலில் உலர்த்தி, வலைப்பையில் வையுங்கள். டஃபோடிலைச் செப்டம்பரிலும் துலிப்பை நவம்பரிலும் நடலாம். குழியின் ஆழம், கிழங்கின் உயரத்தைப் போல் 3 மடங்கு இருக்கட்டும். ஸ்னோடிராப் மட்டும் விதிவிலக்கு. அதை இலை பச்சையாக இருக்கும்போதே பிரித்து, உடனே நடலாம்.

ஓர் எச்சரிக்கை: வெங்காயம் போலிருக்கும் டஃபோடில் கிழங்கு நச்சுத்தன்மை உடையது. டஃபோடிலைக் காய்கறிகளுக்கு அருகில் வைக்க வேண்டாம் என 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை பேரங்காடிகளைக் கேட்டுக்கொண்டது. உலர்த்திய கிழங்கின் பையில் பெயரெழுதி, சமையலறைக்கு வெளியே வையுங்கள்.

அக்கா இப்போது பொறுத்திருந்துதான் தோண்டுகிறார். வேலியோரம் மஞ்சளாகப் பூத்திருக்கிறது!