மலைப் பள்ளிகளுக்குப் பாட்டு டீச்சர் ஏன் வருவதில்லை?

ஊட்டி மலை ரயிலில் கேத்திக்கு அடுத்த ஸ்டேஷன் லவ்டேல். அங்கே 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளியில் பேண்ட், பியானோ எல்லாம் உண்டு; கட்டணமும் அதற்கேற்ப. இந்தப் பக்கம், கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டும் தேயிலையும் விளைவிப்பவர்களின் பிள்ளைகள் போகிற அரசுப் பள்ளிகளுக்கு ஒரு பாட்டு பீரியட் கிடைக்க என்ன தடை? பணம் பாதி காரணம்தான். மீதி, 100 என்கிற எண்ணில் இருக்கு.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்க. 6 முதல் 8-ம் வகுப்பு வரை 100 பேருக்கு மேல் படித்தால்தான் கலைக்குப் பகுதிநேர ஆசிரியர் கட்டாயம். வகுப்புக்குச் சராசரியா 34 பேர். சமவெளியில் அது பெரிய விஷயமில்லை. ஹட்டி ஹட்டியா, எஸ்டேட் எஸ்டேட்டா சிதறிக்கிடக்கும் மலையில், மூணு வகுப்பைக் கூட்டினாலும் பல பள்ளிகளில் அந்த எண் தேறாது. அப்படியே தேறினாலும் ‘கலை’ என்பதில் ஓவியமும் அடக்கம். டிராயிங் மாஸ்டர் வந்துட்டா, பாட்டுக்கு இடமில்லை.

இந்தச் சட்டத்தை ஒட்டித்தான் 2012-ல் தமிழக அரசு ஓவியம், இசை, உடற்கல்வி, தையல், கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரம் மூணு அரைநாள், மாதம் 5,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில் எத்தனை பேர் நிலைப்பாங்க? இப்போ சுமார் 12 ஆயிரம் பேர்தான் மிச்சம். நிரந்தர வேலைக்கு 2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்த 1,325 சிறப்பாசிரியர் இடங்களில் இசைக்கு வெறும் 86. மாவட்டத்துக்கு மூணு பேர்கூட இல்லை!

ஆனா, 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் பாட்டுப்போட்டி உண்டு. பாட்டு டீச்சர் இருக்கும் பள்ளியும் இல்லாத பள்ளியும் ஒரே மேடையில். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு யூடியூப்தான் குரு.

இத்தனைக்கும் நீலகிரி இசைக்குப் பஞ்சமான மலை இல்லை. ஊட்டிப் பக்கத்துக் கொல்லிமலை (நாமக்கல் கொல்லிமலை இல்லைங்க) கோத்தர் ஊர். ‘கோல்’ என்கிற நாயனமும் தோல்கருவிகளும் அவர்கள் கையில் தலைமுறையா இருக்கு. ஒரு காலத்தில் படுகர், தோடர் இறப்புச் சடங்குகளுக்கும் அவர்கள் வாசிப்புதான். பகுதிநேர வேலைக்கு இப்படிப்பட்ட கலைஞரைக் கூப்பிடலாமே? கூப்பிட்டால், சான்றிதழ் கேட்பாங்க. என்னைக் கேட்டால், மலையில் 100-ஐப் பள்ளி பள்ளியா எண்ணக்கூடாது. பக்கத்துப் பள்ளிகள் மூணு, நாலைச் சேர்த்து எண்ணி, ஒரே ஆசிரியரைச் சுற்றிவர வைக்கலாம்.

நீங்க படிச்ச அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இப்போ முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கு. அடுத்த கூட்டத்தில் ரெண்டே கேள்வி கேளுங்க: 6 முதல் 8 வரை எத்தனை பேர் படிக்கிறாங்க? பாட்டு டீச்சர் கேட்டு இதுவரை தீர்மானம் போட்டிருக்கோமா?