ஆஃபர் வந்தாச்சு... பணம் யார் தருவாங்க? பிரிட்டனில் வேதியியல் பிஹெச்.டி உதவித்தொகை கணக்கு

"உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது" என்று பிரிட்டன் பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் வந்ததும் ஸ்வீட் வாங்க ஓடிவிடாதீர்கள். அங்கே பிஹெச்.டி-க்கு இடம் கிடைப்பது வேறு, பணம் கிடைப்பது வேறு. இரண்டும் ஒரே கடிதத்தில் வரும்னு கட்டாயம் இல்லை.

முதல் சிக்கல், கட்டணம். உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 5,000 பவுண்டு. வெளிநாட்டு மாணவர் என்றால், லேப் சார்ந்த படிப்புக்குப் பல இடங்களில் 25,000 பவுண்டுக்கு மேல். இது போக, சொந்தப் பணத்தில் படிப்பவரிடம் ரசாயனம், கருவிகளுக்கு 'பெஞ்ச் ஃபீ' என்று தனியாகக் கேட்கும் துறைகளும் உண்டு.

பிரிட்டன் அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பு யுகேஆர்ஐ. 2021-22 கல்வியாண்டு முதல் இதன் முழு உதவித்தொகைக்கு வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால், புதிதாகச் சேருபவர்களில் பொதுவாக 30 சதவிகிதம் பேர் வரைதான். 2025-26-க்கு இதன் குறைந்தபட்ச உதவித்தொகை ஆண்டுக்கு 20,780 பவுண்டு. வருமான வரி கிடையாது.

கொக்கி எங்கே இருக்கிறது? யுகேஆர்ஐ தருவது உள்ளூர் கட்டணம் மட்டும்தான். மீதியை மாணவரிடம் கேட்கக் கூடாது என்பது விதி. அப்போ அந்தப் பணத்தைப் பல்கலைக்கழகம்தான் வேறெங்காவது புரட்டணும். அதனால்தான் பல விளம்பரங்களில் 'உள்ளூர் கட்டணத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி ஓரமாக நிற்கும். ப்ராஜெக்ட் தலைப்பைப் படிக்கும் முன்பு அந்த வரியைப் படியுங்கள். அது இருந்தால், "மீதிக் கட்டணத்துக்கு வழி உண்டா?" என்று பேராசிரியரிடம் நேராகவே கேட்டுவிடலாம். கேட்பதில் கூச்சமே வேண்டாம், அவர்களுக்கு இது பழகிய கேள்வி.

கட்டணம், வாழ்க்கைச் செலவு இரண்டையும் தரும் பெரிய விருதுகளும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டனுக்குத் தனி விண்ணப்பமே கிடையாது, கெடு தேதிக்குள் படிப்புக்கு விண்ணப்பித்தாலே பரிசீலனையில் வந்துவிடுவீர்கள். கேம்பிரிட்ஜின் கேட்ஸ் உதவித்தொகை பிரிட்டன் குடிமக்கள் அல்லாதவர்களுக்கென்றே 2000-ல் தொடங்கப்பட்டது. போட்டி கடுமைதான், ஆனால் முயற்சி செய்வதில் நஷ்டம் இல்லை.

கவனிக்க வேண்டியது 'கட்டணச் சலுகை' என்ற பெயரில் வரும் சின்ன விருதுகளை. உதாரணத்துக்கு, 28,000 பவுண்டு கட்டணத்தில் 5,000 தள்ளுபடி என்றால் மீதி 23,000. அதுவும் ஒவ்வொரு ஆண்டும். கூடவே வாடகை, சாப்பாடு. என்னைக் கேட்டால், இதற்காகக் கல்விக் கடன் வாங்குவதைவிட ஓராண்டு காத்திருந்து மறுபடி விண்ணப்பிப்பது நல்லது.

முழு உதவித்தொகை கிடைத்தவர்களும் கிளம்பும் முன் கையில் காசு வைத்திருக்கணும். பிரிட்டன் விசாவுக்கான மருத்துவக் கட்டணம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. படிப்பு முழுமைக்கும் மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். நான்கு ஆண்டுக்கே 3,104 பவுண்டு, நம் கணக்கில் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். சில விருதுகள் இதைத் திருப்பித் தரும், பல தராது. ஆஃபரை ஏற்கும் முன்பு மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று: வேதியியல் ஆராய்ச்சிக்குப் போகும் இந்தியர்கள் 'ஏட்டாஸ்' என்ற பாதுகாப்பு அனுமதியும் பெற வேண்டும். கட்டணம் இல்லை. ஆனால் வர வாரக்கணக்கில் ஆகும், அது கையில் இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது.