ஸ்பெயினில் வாங்கும் பாலாடைக்கட்டி: கடையில் உரிமை, சுங்கத்தில் பொறுப்பு

ஸ்பெயினில் உணவுப்பொருள் வாங்குவோருக்கு அந்நாட்டுச் சட்டமும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் சேர்ந்து அளிக்கும் பாதுகாப்பு வலுவானது. ஆனால் அது கடை வாசலோடு நின்றுவிடுகிறது. பொருள் பயணியின் பெட்டிக்குள் போனபின், அவர் போய் இறங்கும் நாட்டின் கால்நடைநோய்த் தடுப்புச் சட்டமும் சுங்கச் சட்டமுமே அதன் கதியைத் தீர்மானிக்கின்றன. காற்றை உறிஞ்சி அடைத்துத் தருகிறோம், தாராளமாக விமானத்தில் கொண்டுபோகலாம் என்று கடைக்காரர் தரும் உறுதி பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதே என்றாலும், லண்டனிலோ சென்னையிலோ உள்ள அதிகாரியை அது கட்டுப்படுத்தாது என்பதால், எதை வாங்குவது என்ற முடிவை எந்த நாட்டுக்குத் திரும்புகிறோம் என்பதை வைத்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

ஸ்பானியப் பாலாடைக்கட்டிகளில் மிகவும் பெயர்பெற்றது மான்செகோ. அல்பசேத்தே, சியுதாத் ரெயால், குவென்கா, தொலேதோ ஆகிய மாகாணங்களில் அடங்கிய லா மான்சா பகுதியில், மான்செகா இனச் செம்மறியாட்டின் பாலில் மட்டுமே செய்யப்படும் இதற்குப் 'பாதுகாக்கப்பட்ட பூர்விகப் பெயர்' என்ற சட்டத் தகுதி உண்டு. பழநி பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீட்டின் இனத்தைச் சேர்ந்ததே இத்தகுதி என்றாலும், செய்முறையையும் அது கட்டுப்படுத்துகிறது: 1.5 கிலோ வரையுள்ள வட்டு குறைந்தது 30 நாளும், அதைவிடப் பெரியது 60 நாளும் முதிர்ந்த பின்னரே விற்பனைக்கு வரலாம். தகுதிபெற்ற ஒவ்வொரு வட்டின் ஒரு முகத்திலும் பால்புரதத்தால் ஆன, எண் பொறித்த சிறு வில்லை ஒன்று, பால்திரளை அச்சில் அழுத்தும்போதே பதிக்கப்பட்டு, தோலோடு தோலாக இறுகியிருக்கும். ஒட்டுச்சீட்டிலும் சிவப்பும் மஞ்சளுமான ஐரோப்பிய முத்திரை இருக்கும்.

பக்கவாட்டில் ஓடும் கோரைப்பின்னல் போன்ற தடத்தை மட்டும் பார்த்து மான்செகோ என்று முடிவுகட்டுவது தவறு. பசு, வெள்ளாடு, செம்மறியாடு ஆகிய மூன்றின் பாலையும் கலந்து செய்யும் இபேரிகோ என்ற வகையும் அதே தடத்தோடு, அதே கறுத்த தோலோடு, அதே அலமாரியில் இருக்கும். அதுவும் சட்டப்படியான நல்ல பொருளே. மான்செகோ என்று எண்ணி அதை வாங்குவதில்தான் நட்டம். காற்றாலை, மெலிந்த குதிரை போன்ற, லா மான்சாவில் நடக்கும் தொன் கிஹோத்தே கதையின் படங்களைத் தகுதியற்ற பாலாடைக்கட்டியின் ஒட்டுச்சீட்டில் அச்சிடுவதுகூட மான்செகோ என்ற பெயரை வாங்குபவர் மனத்தில் எழுப்பக்கூடும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 மே 2 அன்று தீர்ப்பளித்தது. துண்டாக வெட்டி வாங்கும்போது வில்லையுள்ள முழு வட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

சைவ உணவினர் கவனிக்க வேண்டியது வேறொன்று. பாலைத் திரிய வைக்கும் உறைநொதியான ரென்னட், மரபுவழியில் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் பாலாடைக்கட்டிக்கு விலங்குசாராத உறைநொதியையே குறிப்பிடுவதால் இந்தியாவில் வாங்கிப் பழகியவருக்கு இந்த ஐயம் எழுவதில்லை. ஸ்பெயினிலோ விலங்கு உறைநொதியே பரவலாகப் புழங்குகிறது. போதாக்குறைக்கு, பால், உப்பு, நொதி, நுண்ணுயிர் வளர்ப்பு ஆகியவற்றுக்கு மேல் எதுவும் சேராத பாலாடைக்கட்டிக்கு முழு உட்பொருள் பட்டியலையே ஐரோப்பிய விதி கட்டாயமாக்கவில்லை என்பதால், ஒட்டுச்சீட்டின் மௌனத்தைச் சைவம் என்று கொள்ள இயலாது. எஸ்த்ரேமதூராவின் தோர்தா தெல் காசார், லா செரேனா ஆகிய இரண்டும் ஒருவகைக் காட்டு முட்செடியின் பூவிலிருந்து எடுத்த சாற்றால் உறையவைக்கப்படுபவை ஆதலால், இவ்வகையில் தேடுவோருக்கு ஏற்றவை. நீண்ட நாள் முதிரும் சிலவற்றில் முட்டை வெள்ளைக்கருவிலிருந்து பெறப்படும் லைசோசைம் சேர்வதுண்டு. முட்டை ஒவ்வாமைப் பொருள் ஆதலால் அதை எடுப்பான எழுத்தில் காட்டியே ஆக வேண்டும்.

காய்ச்சாத பாலில் செய்தது என்றால் அதை ஒட்டுச்சீட்டில் 'லேச்சே க்ரூதா' என்று சொல்வதும் சட்டக் கடமை. மாதக்கணக்கில் முதிர்ந்து வறண்ட கெட்டி வகைகளில் ஆபத்து குறைவு. காய்ச்சாத பாலில் செய்த மென்மையான வகைகளையும், அஸ்தூரியாஸின் கப்ராலேஸ் போன்ற நீலப்பூஞ்சை வகைகளையும், லிஸ்டீரியா என்ற நுண்ணுயிர் கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். சந்தை ஓரத்தில் ஒட்டுச்சீட்டு எதுவுமில்லாமல் விற்கப்படும் வீட்டுத் தயாரிப்பான புதுப் பாலாடைக்கட்டி புருசெல்லோசிஸ் என்ற நீடித்த காய்ச்சலைக் கொண்டுவரக்கூடும் என்பதோடு, எங்கே செய்தது என்பதற்கு ஆதாரமே இல்லாததால் முறையீட்டுக்கும் உதவாது.

விலையைக் கிலோ கணக்கில் காட்டுவதும் ரசீது தருவதும் கடைக்காரரின் கடமை. எடை குறைந்தாலோ, சொன்ன பொருளுக்குப் பதில் வேறொன்று தரப்பட்டாலோ, ஒவ்வொரு கடையிலும் கட்டாயமாக இருக்க வேண்டிய முறையீட்டுப் படிவத்தை வாங்குபவர் கேட்டுப் பெறலாம். சுற்றுலாப் பயணிக்கும் அந்த உரிமை உண்டு. 'ஓஹா தெ ரெக்லமாசியோனெஸ்' எனப்படும் அப்படிவத்தைக் கேட்ட மாத்திரத்தில் தகராறு தீர்ந்துவிடுவதும் உண்டு. தீராதபோது நகராட்சியின் நுகர்வோர் அலுவலகமான ஓமிக்கில் அதையும் ரசீதையும் சேர்த்துக் கொடுக்கலாம். குறையில்லாத பொருளை மனம் மாறித் திருப்பித்தரும் உரிமை மட்டும் கடையில் நேரில் வாங்கியவருக்குச் சட்டப்படி இல்லை. சுங்கத்தில் பறிபோன பொருளுக்குக் கடைக்காரர் பொறுப்பாளியும் அல்லர்.

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில், கரண்டியால் வழித்தெடுக்கும் பதத்திலுள்ள தோர்தா தெல் காசார், ஆலிவ் எண்ணெயைப் போலவே கைப்பைக்கான திரவ விதிக்குள் வந்துவிடும் என்பதால், அது சரக்குப் பெட்டியில் போவதே நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே பாரிசுக்கோ பெர்லினுக்கோ திரும்புபவருக்குச் சொந்தப் பயன்பாட்டு அளவில் பொதுவாகத் தடையில்லை. பிரிட்டனில் நிலைமை நேர்மாறானது. ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளில் 2025 தொடக்கத்தில் கோமாரி நோய் தலைகாட்டியதை அடுத்து, அவ்வாண்டு ஏப்ரல் 12 முதல், ஒன்றிய நாடுகளிலிருந்து மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் இறைச்சியையும் பாற்பொருள்களையும் பயணிகள் கிரேட் பிரிட்டனுக்குள் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டது. அடைத்து முத்திரையிட்டதா, விமான நிலையத் தீர்வையில்லாக் கடையில் வாங்கியதா என்ற வேறுபாடு இதில் செல்லாது. எல்லையில் தானே முன்வந்து ஒப்படைப்பவர் பொருளை மட்டும் இழக்கிறார். கடுமையான மீறலுக்கு இங்கிலாந்தில் 5,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். அமெரிக்கா கெட்டிப் பாலாடைக்கட்டியை அறிவித்துக் கொண்டுவர விட்டாலும், பயணிகள் கையோடு கொண்டுவரும் ஸ்பானியப் பதப்படுத்திய பன்றித்தொடையை ஏற்பதில்லை. இவை நோய் நிலவரத்தோடு மாறும் விதிகள் ஆகையால், புறப்படும் வாரத்தில் அந்தந்த அரசின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே தக்கது.

இந்தியச் சுங்கப் படிவம் இறைச்சி, பால், மீன், கோழிப் பொருள்களை அறிவிக்க வேண்டியவை என்று தனியே குறிப்பிடுகிறது. தீர்வையில்லாமல் கொண்டுவரத்தக்க மதிப்பு வரம்புக்குள் அடங்குவதால் பச்சை வழியில் வெளியேறிவிடலாம் என்ற பரவலான எண்ணம் இங்கேதான் பிழைபடுகிறது, ஏனெனில் வரம்பு தீர்வையைப் பற்றியது, அறிவிப்போ கால்நடைநோய்த் தடுப்பைப் பற்றியது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி உண்மையாக அறிவித்தவரின் நிலை, மறைத்துப் பிடிபட்டவரின் நிலையைவிட எப்போதும் மேலானது. காரணத்தை அறிவித்து, பதில் சொல்ல வாய்ப்பளித்த பின்னரே பறிமுதல் ஆணை பிறப்பிக்கலாம் என்கிறது 124ஆம் பிரிவு. அந்த அறிவிப்பை வாய்மொழியாக ஏற்றுக்கொள்ளப் பயணி சம்மதிக்கலாம், சம்மதிக்கும் முன் அதன் விளைவைக் கேட்டறிவது அவர் உரிமை. ஆணையின் நகலைப் பெற்றவர் 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். கெட்டுப்போகும் பொருள் அதுவரை தாங்காது என்பதால், இந்த வழி நடைமுறையில் அபராதத்தை எதிர்க்கவே பயன்படும்.

இத்தனை சிக்கலுக்குள் போக விரும்பாதவருக்குப் பாலும் இறைச்சியும் சேராத பரிசுகள் ஸ்பெயினில் ஏராளம்: லா மான்சாவின் குங்குமப்பூ, புகையூட்டி உலர்த்திய லா வேராவின் மிளகாய்த்தூள், வாதுமையும் தேனும் சேர்ந்த ஹிஹோனா, அலிகாந்தே துரோன் மிட்டாய்கள் ஆகிய எல்லாமே பெயர்ப் பாதுகாப்புப் பெற்றவை. துரோனில் முட்டை வெள்ளைக்கரு சேரும் என்பதைச் சைவ உணவினர் நினைவில் கொள்ள வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறக் கடையிலேயே படிவம் கேட்டு வாங்கி, பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்னர் விமான நிலையத்திலுள்ள திவா இயந்திரத்தில் சான்று பெற வேண்டும். குறைந்தபட்சக் கொள்முதல் தொகை 2018 ஜூலையிலேயே நீக்கப்பட்டுவிட்டது. பாலாடைக்கட்டிக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் வரி 4 விழுக்காடுதான் என்பதால், அவற்றுக்காக மட்டும் அந்த வரிசையில் நிற்பதா என்பது அவரவர் நேரத்தைப் பொறுத்தது.