கம்பப்புரையைக் கணக்கில் எழுதுங்கள்

கொச்சி மெட்ரோவின் ஒரு முனை திருப்பூணித்துறை. அந்த ஊர்ப் புதியகாவு பகவதி கோயில் திருவிழாவுக்காக வந்த வெடிகள் 2024 பிப்ரவரி 12 காலை வெடித்ததில் இருவர் இறந்தார்கள், சுற்றுவட்டார வீடுகளின் கூரைகளும் ஜன்னல்களும் நொறுங்கின. அது வாணவேடிக்கை நேரமே அல்ல. வண்டியில் வந்த சரக்கை இறக்கிவைக்கும் நேரம் அது. 2016 ஏப்ரல் 10 அதிகாலை கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும், வெடிகளை அடுக்கிவைத்திருந்த கம்பப்புரையில் விழுந்த பொறிதான். 2024 அக்டோபர் 28 இரவு நீலேஸ்வரத்தில் தெய்யம் ஆட்டம் பார்க்க வந்த கூட்டத்தைச் சுட்டதும் பக்கத்திலிருந்த வெடிப்புரையே. மூன்று இடத்திலும் ஆளைக் கொன்றது வானில் வெடித்த வெடியல்ல, தரையில் சேர்த்துவைத்த வெடி.

வெடிக்கட்டுக்கு, அதாவது வாணவேடிக்கைக்கு, அனுமதி கேட்கும் கோயில் கமிட்டிகள் இதை மனத்தில் வைத்து விண்ணப்பத்தை எழுத வேண்டும் என்பதே என் வாதம். எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை குழி என்பதெல்லாம் நுணுக்கமாக எழுதப்படும். சரக்கு எங்கே, எத்தனை கிலோ, யார் பொறுப்பில் இருக்கும் என்பது ஒற்றை வரியில் முடிந்துவிடும். மாவட்ட நிர்வாகம் போலீஸ், தீயணைப்பு, வருவாய்த் துறைகளிடம் அறிக்கை கேட்கும்போது முதலில் இடிபடுவது அந்த ஒற்றை வரிதான். இட வரைபடத்தையே பாருங்கள். மைதானத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து அங்கிருந்து தூரம் அளந்தால் கணக்கு அழகாகவே வரும். ஆனால் வெடிக்குழல்கள் வரிசையாக நிற்கின்றன. கடைசிக் குழலிலிருந்து கம்பப்புரைச் சுவர் வரை நாடாவைப் பிடித்தால்தான் உண்மையான தூரம் தெரியும். மத்திய அரசு 2024 அக்டோபரில் வெடிபொருள் விதிகளைத் திருத்தி, 45 மீட்டராக இருந்த அந்த இடைவெளியை 200 மீட்டராக்கியது. நாடாவை எங்கே பிடிக்கிறோம் என்பதற்கு இப்போது முன்னைவிட அதிக மதிப்பு.

இந்த விதியே திருவிழாக்களை ஒழிக்க வந்தது என்று திருச்சூர்க்காரர்கள் வருந்துவதில் நியாயம் இல்லாமலில்லை. பூரம் திருவிழா நடக்கும் தேக்கின்காடு மைதானத்தில் 200 மீட்டர் தேடினால் ஊரே எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் அந்தச் சிக்கலுக்கு வழி பிறந்ததும் கிடங்கைப் பற்றி யோசித்தபோதுதான். வெடிக்கும் நேரத்தில் கம்பப்புரை காலியாக இருந்தால் இந்தத் தூரக் கணக்குக்கே அவசியமில்லை என்ற வாதம் எழுந்தது, பூரத்துக்குக் கதவும் திறந்தது. ஆகவே எத்தனை மணிக்குப் புரை காலியாகும், யார் முன்னிலையில் பூட்டப்படும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடலாம்.

எப்படி எழுதினாலும் அதிகாரிகள் மறுக்கத்தானே போகிறார்கள் என்போரும் உண்டு. மறுப்பு வந்தால் நீதிமன்றம் போகலாம். உயர் நீதிமன்றம் நிபந்தனையோடு அனுமதித்த கோயில்கள் கேரளத்திலேயே இருக்கின்றன. அதற்கு நாள் வேண்டும். திருவிழா வாரத்தில் மனுவை நீட்டினால் மறுப்புக்கும் கொடியேற்றத்துக்கும் நடுவே மூச்சுவிடக்கூட இடமிருக்காது. புற்றிங்கலில் மறுப்பு ஆணை ஏப்ரல் 8 அன்று வந்தது. கம்பப்புரை அப்போதே நிரம்பத் தொடங்கியிருக்கும். கூட்டமும் கிளம்ப ஆயத்தமாகியிருக்கும். மறுநாள் இரவு, மறுப்பையும் மீறி வெடி தொடங்கியது.