டர்போவைக் கழற்றுமுன்

பெரும்போக அறுவடைக் காலத்தில், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் முருங்கன் பகுதியெங்கும் உலர்ந்த களிமண் புழுதியும் வைக்கோல் தூசியும் நிறைந்திருக்கும். அங்கு ஓடும் டீசல் கார்கள் உள்ளிழுப்பதும் அக்காற்றையே. நள்ளிரவில் ஒரு நோயாளியை மன்னாருக்குக் கொண்டுசெல்லும் வேளையில் கார் இழுக்க மறுத்தால் வீட்டார் கதி யாது? பழி உடனே டர்போவின்மேல் விழும். உண்மையில் டர்போ தானாகக் கெடுவது அருமை. அழுக்கான காற்றும் பழைய ஒயிலுமே பெரும்பாலும் அதனைக் கெடுக்கின்றன.

டர்போ என்பது யாது? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகின்றது. காற்று மிகுந்தால் கூடுதலான டீசலை எரிக்கலாம், வலுவும் மிகும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூஹி 1905ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அத்தண்டு நிமிடத்துக்கு 1 இலட்சம் தடவைக்கு மேலும் சுழலவல்லது. அதனைத் தாங்குவதோ மெல்லிய ஒயில் படலம்!

கார் வலுவிழந்து கரும்புகை கக்கினால், முதலில் காற்று வடிகட்டியையும் றப்பர்க் குழாய்களையும் பார்க்கவேண்டும். வெடித்த குழாயொன்றே காரணமாயிருக்கலாம். நீலப்புகை வந்தால் ஒயில் எரிகின்றது என்பது பொருள். டர்போவிலிருந்து ஒயில் திரும்பும் குழாய் அடைபட்டிருப்பினும் இவ்வாறு நேரும். காற்றுக் குழாயினுள் சிறு ஈரம் இயல்பே. ஆனால், ஒயில் தேங்கியிருந்தால் எஞ்சினை இயக்கலாகாது. அவ்வொயிலையே எரிபொருளாகக் கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நில்லாமல் எஞ்சின் வெறிகொண்டோடக்கூடும்.

எஞ்சின் ஆறியபின் காற்றுக் குழாயை மட்டும் கழற்றித் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிது ஆடுவது பழுதன்று. முன்பின்னாக ஆடினாலோ, இதழ்கள் கூட்டில் உராய்ந்தாலோ சுத்தம் செய்வதால் பயனில்லை, டர்போவையே மாற்றவேண்டும்.

கழற்றுவதாயின் முதலில் பற்றறித் தொடுப்பை நீக்குங்கள். ஒவ்வொரு குழாயின் இடத்தையும் படம்பிடித்துக் கொள்ளுங்கள். புகைப் பக்கத்து நட்டுகள் துருவேறியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயிட்டு ஓரிரவு விடுவது நன்று. திறந்த துவாரங்களைச் சுத்தமான துணியால் மூடி, துணிகளை எண்ணி வையுங்கள். உள்ளே மறந்துவிட்ட துணியொன்று எஞ்சினையே அழித்துவிடும்.

பல டர்போக்களின் புகைப் பக்கத்தில் அசையும் சிறு தகடுகள் உண்டு. அவற்றில் கரி இறுகுவதே வீட்டில் தீர்க்கக்கூடிய பழுது. கூடுகளைப் பிரிக்குமுன் அடையாளக் கோடிட்டு, கரி நீக்கும் திரவமும் மென்மையான தூரிகையும் கொண்டு துலக்கலாம். நடுப்பகுதியைத் திரவத்தில் ஊறவைத்தலும், தண்டின் நட்டைத் தளர்த்துதலும், காற்றடித்துச் சக்கரத்தைச் சுழற்றுதலும் கூடா. சமநிலை தவறினால் புதிய டர்போதான் கதி.

பூட்டும்போது புதிய காஸ்கெற்றுகளை இட்டு, ஒயிலையும் ஒயில் வடிகட்டியையும் மாற்றவேண்டும். டர்போவின் ஒயில் துவாரத்தில் புதிய ஒயில் ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றியபின்பே குழாயைப் பொருத்துங்கள். எஞ்சினைச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு, கசிவு உண்டா என்று கவனியுங்கள்.

வடிகட்டியின் விலை சிறிது. டர்போவின் விலை பெரிது. அறுவடை முடிந்ததும் வடிகட்டியைத் திறந்து பார்க்கும் குடும்பத்தினர் டர்போவைக் கழற்றவேண்டிய தேவை அரிதாகவே நேரும்.