எஞ்சினை இறக்கும் முன்

வெறும் வண்டியாக ரோட்டில் நன்றாகவே ஓடும் டிராக்டர், ரோட்டவேட்டரை மண்ணில் இறக்கியதும் திணறி அமுங்குகிறது. வயதான வண்டிகளில் இது சகஜம். பட்டறைக்குப் போனால் சில நேரம் வண்டியின் சூடு ஆறும் முன்பே “எஞ்சினை இறக்கணும்” என்று சொல்லிவிடுவார்கள். ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கலாம்தான். ஆனால் அது கடைசியில் சந்தேகப்பட வேண்டியது. பிரித்துப் போட்ட எஞ்சினுக்கு முன்னால் நின்றுகொண்டு யாராலும் பேரம் பேச முடியாது. கேட்க வேண்டியதை எல்லாம் அதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

கோளாறு எஞ்சினிலா, கிளட்ச்சிலா என்று முதலில் பாருங்கள். லோடில் எஞ்சின் சத்தம் குறையாமல் வண்டி மட்டும் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமே அமுங்கினால் புகையைக் கவனியுங்கள். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, ஏர் கிளீனரைக் கழற்றுங்கள்; அல்லது நாசில் டீசலைத் தூவாமல் ஒழுகவிடுகிறது. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங் மீது சந்தேகப்பட அப்போதுதான் இடமுண்டு. புகை அதிகமில்லாமல் இழுவை மட்டும் குறைந்தால், பெரும்பாலும் டீசல் வரத்து போதவில்லை. டேங்க் மூடியின் காற்றுத்துளை தூசியில் அடைபட்டாலே டீசல் இறங்காது. மூடியைத் தளர்த்திவிட்டு ஒரு சால் ஓட்டிப் பாருங்கள், இழுவை திரும்பினால் செலவே இல்லை. அடுத்து டீசல் ஃபில்டர்கள், ஃபீட் பம்ப் வலை, காற்றை இழுக்கும் தேய்ந்த வாஷர், டேப்பட் இடைவெளி. இத்தனையும் பார்த்து, கம்ப்ரஷனையும் கேஜ் வைத்து அளந்து, அது குறைவாக இருந்தால் மட்டுமே எஞ்சினை இறக்குவதில் நியாயம் உண்டு.

சோதிக்கும்போது இரண்டு ஆபத்துகள். நாசில் பீய்ச்சும் டீசல் முன்னே கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், முதலில் வலியும் இருக்காது. ஆனால் உள்ளே தசை அழுகத் தொடங்கும். கட்டுப் போட்டுவிட்டுக் காத்திராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும், தாமதித்தால் விரலே போகலாம். இன்னொன்று, கீழே நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்குரூடிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்யும் கெட்ட பழக்கம். கியர் விழுந்திருந்தால் பின்சக்கரம் நிற்பவர் மேலேயே ஏறும்.

டீசல் மேல் சந்தேகம் வந்தால், பங்க்கிலேயே அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம். அவர்கள் பதிவேட்டில் உள்ள அளவுக்கும் அதற்கும், 15 டிகிரிக்குக் கணக்கிட்டால், கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

பட்டறையில், வேலை தொடங்கும் முன்பே எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்கள் உங்களுடையவை, திரும்பக் கேளுங்கள். “பில் போட்டா ஜிஎஸ்டி ஆகும்” என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். பில் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே வரையறுக்கிறது. பெயர்பெற்ற கம்பெனி பெட்டியில் போலிப் பாகம் விற்பது வணிகக்குறிச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

பேசித் தீரவில்லை என்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். அதிலும் முடியாவிட்டால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான். ஆள் போட்டுப் பல வண்டிகளை வாடகைக்கு விடுபவரை மட்டும் ‘இது வணிகம்’ என்று எதிர்த்தரப்பு மடக்கப் பார்க்கும். புகாரோடு பில், எஸ்டிமேட், இன்னொரு மெக்கானிக் எழுதித் தந்த அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். பழுதான பாகத்தையும் அது வந்த பெட்டியையும் வழக்கு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள், அவற்றை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் கேட்கக்கூடும்.